மெசினுக்கு ஆக்கள் இருக்கினம்

இந்த ஆண்டு பொங்கலுக்கு விசுவமடுவில் மாமா வீட்டில் நின்றேன். பொங்கலுக்கு அடுத்த நாள் மாலை, ரொறன்ரோவிலிருந்து மச்சான் தன் தகப்பனாருக்குத் தொலைபேசி எடுத்தான். அங்கே அப்போது காலை ஏழு மணி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிர். வேலைக்குப் புறப்பட்டவனின் கார் இயங்க மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதாம்.

“பற்றரி இறங்கியிட்டுது. மூண்டாம் கியரில போட்டுத் தள்ளிப் பாரன்” என்றார் மாமா.

“அப்பா, இது ஓட்டோ கியர். தள்ளி ஸ்ராட் பண்ணேலாது.”

“தள்ள ஏலாத வாகனத்தை என்னத்துக்கு வாங்கினனீ?”

வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தான். “பிறகு எடுக்கிறன்” என்று தொடர்பைத் துண்டித்தான். ஆனால் அந்த 'டிக்' என்ற சொல் மட்டும் என் காதில் நின்றுவிட்டது. 1996 ஆம் ஆண்டின் இறுதியில், இதே வளவில், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அதற்குக் காரணமாக இருந்தவனும் நான்தான். இத்தனை காலம் அதை எங்கும் எழுதவில்லை. இன்று எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் மாமாவின் மெசினைப் பற்றிச் சொல்லவேண்டும். உழவு இயந்திரத்தை வன்னியில் 'மெசின்' என்றுதான் சொல்வார்கள். 1970 களின் தொடக்கத்தில், படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றிய திட்டத்தின்கீழ் யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்தவர் மாமா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்திருந்த ஆண்டுகள் அவை. செத்தல் மிளகாய் நல்ல விலைக்குப் போயிற்று. முத்தையன்கட்டு, விசுவமடுப் பக்கத்தில் காடு வெட்டிக் கமம் செய்த இளைஞர்கள் பலர் அந்தக் காலத்தில்தான் கல்வீடும் மெசினும் கண்டார்கள். மாமா வாங்கியது ஒரு மஸி பேர்கசன் 135. முன்பு வேறொருவரிடம் ஓடியது. சிவப்பு நிறம், மூன்று சிலிண்டர்கள் கொண்ட பேர்கின்ஸ் டீசல் இயந்திரம். மிளகாய்ப் பணம் என்பதால், சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று மாமி சொல்வாராம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கின்மேல் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. வானொலிக்குப் போடும் சிறு பற்றரியே கிடைக்காத நாட்டில் மெசின் பற்றரிக்கு எங்கே போவது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம் அது. பெற்றோல் வாகனங்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்த ஆண்டுகளை அங்கே கழித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகவே சொல்கிறேன்.

டீசல் இயந்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெற்றோல் இயந்திரத்தைப்போல் அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய மெசினில் பற்றரியின் வேலை அதை எழுப்பிவிடுவது மட்டும்தான். எழும்பிய பிறகு பற்றரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் அது தன்பாட்டில் ஓடும். சாவியை மூடினாலும் நிற்காது. டீசலை மறிக்கும் குமிழைப் பிடித்து இழுத்தால்தான் நிற்கும். சிறிய இரு சக்கர மெசினுக்கு, 'லாண்ட்மாஸ்டர்' என்று நாங்கள் சொல்வதற்கு, எழுப்பவும் பற்றரி வேண்டாம். கைபிடியைச் செருகிச் சுழற்றினால் போதும். பெரிய மெசினைக் கையால் சுழற்ற முடியாது. அதை உருட்டத்தான் வேண்டும்.

உருட்டுவதற்கு இறக்கம் வேண்டும். வன்னியோ கைவிரித்த மாதிரிச் சமதரை. குளக்கட்டையும் மதகடியையும் விட்டால் மேடென்று சொல்ல எதுவும் இல்லை. அதனால் மெசின்காரர்கள் பலர் இரவில் குளக்கட்டு ஏறும் சரிவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். மாமா தன் வளவிலேயே மண் கொட்டி, பனங்குற்றி அடுக்கி, இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடு கட்டினார். மாலையில் மெசினை அதன்மேல் ஏற்றி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். காலையில் பெட்டியைக் கழற்றி விட்டு, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி கல்லை எடுக்கச் சொல்வார். உருண்டு வேகம் பிடிக்கும் கணத்தில் கிளச்சை விடவேண்டும். சின்னக் கியரில் போட்டால் பின்சில்லு இறுகி நிலத்தைக் கீறிக்கொண்டு போகுமே தவிர இயந்திரம் சுழலாது. சரியாக விட்டால் ஒரு குலுக்கல், ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிறகு அந்தப் பழகிய சத்தம். உடனே மறுபடி கிளச்சை மிதிக்கவேண்டும். இல்லாவிட்டால் வேலியோடு போய்விடும்.

மேடு கைவிட்டால் ஆட்கள். ஒழுங்கையில் எட்டுப் பத்துக் குடும்பங்கள் இருந்தன. மாமா படலையடியில் நின்று ஒரு கூக்குரல் வைப்பார். கையில் வேப்பங்குச்சியோடும் தோளில் துவாயோடும் வருவார்கள். ஒன்றரைத் தொன் இரும்பு. பின்னுக்கு நின்று தள்ளுவதைவிடப் பெரிய சில்லின் மேற்புறத்தைப் பிடித்து உருட்டினால் பலம் இரட்டிப்பாகும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் இயந்திரம் பிடிக்கும் கணத்தில் கையை எடுத்துவிடவேண்டும். முன்னுக்கு எவரையும் நிற்க விடமாட்டார் மாமா. தள்ளியதற்குக் கூலி என்று ஒன்றும் இல்லை. ஆனால் காலபோகத்துக்கு மழை விழுந்ததும் முதல் உழவு தள்ள வந்தவர்களின் நிலத்தில்தான் நடக்கும். மாமாவின் வயல் கடைசி.

இத்தனைக்கும் மெசினில் ஒரு பற்றரி இருந்தது. பழைய, களைத்துப்போன பற்றரி. அதை மாமா பகலில் தொடுவதில்லை. மழைத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து ஊற்றி, முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுடுதண்ணீரால் கழுவி, கிறீஸ் பூசி வைத்திருந்தார். பாம்புக்கடி, பிள்ளைப்பேறு, காய்ச்சல் என்று இரவில் ஒருவர் வந்து படலையைத் தட்டினால் அதற்கென்று இருந்தது அது. இரவில் ஆட்களை எழுப்பிச் சேர்ப்பதற்குள் காலம் போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

1996 ஜூலை இறுதியில் தொடங்கிய 'சத்ஜய' இராணுவ நடவடிக்கை செப்டெம்பர் முடிவதற்குள் கிளிநொச்சி நகரைச் சேர்ந்தது. முந்திய ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளாலி கடந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த நான் மறுபடியும் இடம்பெயர்ந்து மாமாவின் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தேன். அப்போது பத்திரிகையில் இளம் செய்தியாளன். கொப்பி ஒற்றையில் எழுதிச் சைக்கிளில் கொடுத்தனுப்புவேன். அரிக்கன் லாம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. செய்தி எழுத வெளிச்சமும், பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்க வானொலியும் வேண்டும். மாமாவிடம் கேட்டேன். “கொஞ்ச நேரம் எண்டால் கொளுவு தம்பி” என்றார். ஒரு சிறிய பன்னிரண்டு வோல்ற் ரியூப் லைற்றையும் வானொலியையும் மெசின் பற்றரியில் கொளுவினேன்.

கொஞ்ச நேரம் இரண்டு மணித்தியாலமாயிற்று; பிறகு நான்காயிற்று. அந்த நாட்களில் நான் எழுதியவை முக்கியமானவை என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் மலேரியாவைப் பற்றியும் எழுதினேன். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்ததால் பற்றரி நன்றாக இருக்கிறது என்றே எண்ணினேன். விளக்குக்கு ஓர் அம்பியர் மின்னோட்டம் போதும். ஸ்ராட்டர் மோட்டாருக்கு அதைப்போல் சில நூறு மடங்கு வேண்டும். விளக்கெரியும் பற்றரியால் மெசினை எழுப்ப முடியாமல் போகலாம் என்பது கலைப்பட்டதாரியான எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கார்த்திகை மாதம். மூன்று நாட்களாக மழை. நள்ளிரவுக்குப் பிறகு ஒழுங்கையின் அந்தத்தில் இருந்த வீட்டிலிருந்து தாய் ஒருத்தி ஓடிவந்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி வலிப்பு. தர்மபுரம் ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால். மாமா மெசினில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

'டிக்.'

மறுபடி திருப்பினார். 'டிக்.'

மாமா திண்ணையைத் திரும்பிப் பார்த்தார். ரியூப் லைற் எரிந்துகொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த ஒற்றை அதன்கீழே கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லை எடுக்கச் சொன்னார். மழையில் மேடு பாதி கரைந்திருந்தது. மெசின் உருண்டு, வேகம் பிடிக்குமுன் அடிவாரத்துச் சேற்றில் போய் நின்றுவிட்டது. பிறகு கூக்குரல். ஒழுங்கை முழுவதும் எழும்பி வந்தது. ஆண்கள் மாத்திரமல்ல, மாமியும் தள்ளினார், பிள்ளையின் தாயும் தள்ளினாள். பதினைந்து வயது மச்சானும் நானும் ஒரே சில்லைப் பிடித்திருந்தோம். சேற்றில் கிடுகும் தென்னம்மட்டையும் போட்டு, றோட்டுக்கு ஏற்றி, அங்கே மூன்று தரம் தள்ளிய பிறகுதான் மெசின் இருமியது. எவ்வளவு நேரம் சென்றதென்று எனக்குத் தெரியாது. பிள்ளையைப் பெட்டியில் வைத்துத் தாய் மடியில் கிடத்தி, தறப்பாளால் மூடிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் மாமா இயந்திரத்தை நிறுத்தவில்லை. விடியும்வரை அது ஓடிக்கொண்டே நின்றது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பிழைத்திராவிட்டால் இதை எழுதும் துணிவு எனக்கு வந்திருக்காது. பிழைத்தது என் புண்ணியத்தால் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் மாமா குறடு எடுத்துக்கொண்டு வந்து பற்றரியைக் கழற்றினார். எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் என் மேசைக்குக் கீழே வைத்தார்.

“தம்பி, இனி இது உன்ர. சாச் பண்ணி நீ எழுது.”

“மாமா, மெசினுக்கு?”

“மெசினுக்கு ஆக்கள் இருக்கினம்.”

அதில் கோபம் இருந்ததா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். இருக்கவில்லை. களைத்த பற்றரியை நம்பிப் படுத்தது தன் பிழை என்று அவர் எண்ணியிருக்கிறார். இரவில் ஆட்களை எழுப்பக்கூடாது என்ற அவருடைய பழைய கணக்கு, அன்று ஒழுங்கை எழும்பி வந்த விதத்தைப் பார்த்ததும் மாறிவிட்டது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த மெசின் பற்றரி இல்லாமலே ஓடியது. நான் அந்தப் பற்றரியில் எழுதினேன், அது ஒரு நாள் முழுதாகச் சாகும்வரை.

2002 ஜனவரியில் தடை பெரும்பாலும் நீங்கியது. பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. மாமா வவுனியாவுக்குப் போய் ஒரு புதிய பற்றரி வாங்கி வந்தார். அடுத்த நாள் விடியற்காலை கூக்குரல் இல்லாமல் மெசின் எழும்பியது. சத்தம் கேட்டு ஒழுங்கையில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். “இனி எங்கட தேவை இல்லைத்தானே” என்று வயதான ஒருவர் பகிடியாகச் சொன்னாராம். மாமா அன்று மாலையும் மெசினை மேட்டின்மேல்தான் ஏற்றி நிறுத்தினார். பழக்கம் என்றார்.

2009 ஆம் ஆண்டில் நான் கொழும்பில் இருந்தேன். ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மாத முடிவில் விசுவமடுவும் காலியாயிற்று. மாமாவும் மாமியும் ஒழுங்கையில் இருந்த வேறு இரண்டு குடும்பங்களும் அந்த மெசினிலேயே போனார்கள். உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம் என்று ஒவ்வோரிடமாக நகர்ந்தார்கள். அதற்குள் பற்றரி மறுபடி செத்துவிட்டது. நின்ற இடமெல்லாம் தள்ளித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. தேவிபுரத்தைத் தாண்டிய இடத்தில் எறிகணை வீழ்ந்து மாமியின் காலில் பாரமான காயம். பின்னால் வந்த ஒரு பிக்கப் வாகனம் காயக்காரரை ஏற்றிக்கொண்டு புதுமாத்தளன் பக்கம் போனது. மாமியை ஏற்றினார்கள். “ஆராவது ஒராள் கூட ஏறுங்கோ, கெதியா” என்றார்கள். பக்கத்துக் குடும்பங்கள் அதற்கு முன்பே இறங்கி நடந்து போய்விட்டிருந்தன. மாமா மெசினிலிருந்து இறங்கினார்.

குமிழை இழுத்து நிறுத்துவதற்கு ஒரு நொடி போதும். தன் மெசினைத் தனக்கென்று வைத்திருக்க நினைத்தால் அதைத்தான் செய்யவேண்டும். நிறுத்தினால் அவர் திரும்பி வரும்வரை எவராலும் அதைத் தனியே அசைக்க முடியாது. அவர் நிறுத்தவில்லை. றோட்டில் மூட்டையும் பிள்ளைகளுமாகப் போய்க்கொண்டிருந்த முன்பின் தெரியாத சனத்தைப் பார்த்து, “ஓடத் தெரிஞ்ச ஆரும் ஏறுங்கோ. டீசல் கொஞ்சம் கிடக்கு. நிப்பாட்டிப் போடாதேங்கோ” என்று கத்திவிட்டுப் பிக்கப்பில் ஏறினார். ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அது வாகனம், நின்றால் இரும்பு. அதை அவரைவிடத் தெரிந்தவர் யார்?

பெப்ரவரியில் புதுமாத்தளனிலிருந்து காயமடைந்தோரைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்ற செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்களில் ஒன்றில் மாமியும் மாமாவும் போனார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2010 இல் விசுவமடுவுக்குத் திரும்பினார்கள். மாமி இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். மெசினுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கைவிடப்பட்ட வாகனங்கள் குவிந்து கிடந்த இடங்களுக்கு மாமா தேடிப் போகவில்லை. அதன் பதிவுப் புத்தகம் மட்டும் காணி உறுதியோடு பெட்டகத்தில் இருக்கிறது.

“தேடியிருக்கலாமே மாமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தேடி அது நிண்ட இடத்தைக் கண்டால், எவ்வளவு தூரம் போனது எண்டு தெரிஞ்சிடும். எனக்குத் தெரியவேண்டாம்.”

இப்போது ஒழுங்கையில் வேறொருவரிடம் புதிய இந்திய மெசின் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் எழும்புகிறது. நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். நள்ளிரவில் ஒரு பிள்ளையின் உயிர் பத்துப் பேரின் தோளில் தொங்கும் காலம் எவருக்கும் திரும்பி வரவேண்டாம். மாமா கட்டிய மேடு இன்னும் வளவில் இருக்கிறது. அதன்மேல் மாமி கத்தரி நட்டிருக்கிறார். அன்றைய பெண்பிள்ளை இப்போது முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். பொங்கலன்று வந்து மாமாவுக்கு ஒரு சரை மோதகம் தந்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்னைத் தெரியும். ரியூப் லைற்றைப் பற்றித் தெரியாது.

அன்றிரவு மச்சான் மறுபடியும் தொலைபேசி எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரன் தன் காரைக் கொண்டுவந்து, வயர் கொளுவி, எழுப்பிவிட்டானாம். சிவப்பு வயரை முதலில் கொளுவி, கறுப்பின் கடைசி முனையைப் பற்றரியில் வைக்காமல் இயந்திரத்து இரும்பில் கடித்தார்கள் என்று விளக்கினான். அது சரியான முறைதான். பற்றரிக்கு மேல் பொறி பறந்தால் அதில் எழும் வாயு வெடிக்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு,

“அந்தப் பெடியன்ர பேர் என்ன?” என்றார்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

“ஆறு வருசமாப் பக்கத்தில இருக்கிறான் அப்பா. இண்டைக்குத்தான் கதைச்சனான். பேர் கேக்க மறந்துபோனன்.”

“கேள்” என்றார் மாமா. “நாளைக்குப் போய்க் கேள்.”